அப்பச்சி வீட்டுக் குழுவில் ஆர்டி 350

மீனா ஆச்சி: முன்னோர் படைப்புக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தாச்சு. ரெண்டாங்கட்டு அறையில நிக்கிற ரெண்டு பழைய பைக்கையும் வெளிய எடுக்கச் சொல்றாங்க

மீனா ஆச்சி: முனீஸ்வரன் கோயில் தெருவுலேருந்து பழைய சாமான் கடைக்காரர் வந்து பார்த்தாரு. ரெண்டுக்கும் சேத்து 25,000 தர்றாராம்

அழகு: குடுத்துருங்க ஆச்சி. இடமாவது மிஞ்சும்

சொக்கு: குடுக்காதீங்க!!!

சொக்கு: ஆச்சி படம் போடுங்க. பெட்ரோல் டேங்க், எஞ்சின், ஹேண்டிலுக்குக் கீழ இருக்கிற கழுத்துக் குழாய். மூணும் கிட்டக்க

மீனா ஆச்சி: (படம்) (படம்)

வள்ளி: ஆத்தங்குடிக் கல்லுல எவ்வளவு ஆயில் பாருங்க 😟

மீனா ஆச்சி: தவிடு போட்டு வச்சிருக்கேன், உறிஞ்சும்

சொக்கு: பெருசு ராஜ்தூத் 350. யமஹா ஆர்டி 350-யை எஸ்கார்ட்ஸ் இங்க செஞ்சது. 347 சிசி, ரெண்டு சிலிண்டர், ரெண்டு ஸ்ட்ரோக், 6 கியர். அப்பச்சி எடுத்தது 1984, அதனால இது எச்டி, அதாவது ஹை டார்க், இழுவை கூடுனது. எச்டி 30.5 குதிரைத்திறன். பின்னாடி வந்த எல்டியில (லோ டார்க்) மைலேஜுக்காக 27-க்குக் குறைச்சுட்டாங்க. வாங்குறவங்க முதல்ல கேக்குறதே எச்டியா எல்டியான்னுதான். ஓடுற நிலையில நல்ல எச்டி லட்சக்கணக்குல போகுது

சொக்கு: சின்னது ஆர்எக்ஸ் 100. அதுக்கும் ஆள் அலையுறாங்க

அழகு: லட்சமா

கார்த்தி: சொக்கு அம்மான், விக்க வேண்டாம். நான் கஃபே ரேசரா மாத்திக்கிறேன். பின்னாடி ஃப்ரேமை வெட்டி ஒத்தை சீட், முன்னாடி டிஸ்க் பிரேக்

சொக்கு: கைய வைக்காத கார்த்தி. வெட்டுன ஃப்ரேமை ஒட்டவச்சாலும் பார்த்தவுடனே தெரியும், பாதி விலை அதுலயே போயிரும். ஜப்பான் ஆர்டிக்கு முன்னாடி டிஸ்க், நம்ம ஊர் வண்டிக்கு டிரம். அந்த டிரம்மே இருந்தாத்தான் இதுக்கு மதிப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி கம்பெனி அமைப்பை மாத்துறதே தப்பு, எஃப்சிக்குப் போனா திருப்பி அனுப்பிருவாங்க. ஆசைன்னா ஹேண்டில், சீட் மாதிரி போல்ட்டுல கழட்டி மாட்டுறதா மட்டும் மாத்து. பழைய சாமானைப் பெட்டியில போட்டு வை

கார்த்தி: 😔 சரி

மீனா ஆச்சி: பெயின்டராவது துடைச்சு ஒரு கோட் அடிக்கட்டுமா

சொக்கு: வேண்டவே வேண்டாம் ஆச்சி. உரிஞ்சிருந்தாலும் கம்பெனி பெயின்ட் கம்பெனி பெயின்ட்தான். தண்ணி விட்டும் கழுவாதீங்க, காஞ்ச துணியால தூசி மட்டும் தட்டுங்க

அழகு: ஒரு தடவை உதைச்சுப் பார்ப்போம்ணே. ஸ்டார்ட் ஆனா விலை கூடும்ல

சொக்கு: கிக்கரை யாரும் மிதிக்கக் கூடாது. இத்தனை வருஷம் நின்னதுல பிஸ்டன் ரிங் சிலிண்டரோட துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும். மிதிச்சா ரிங் ஒடிஞ்சு சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஓட்டையில (போர்ட்) மாட்டி சிலிண்டரைக் கீறிப்புடும். ரெண்டு பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலயும் 2டி ஆயில் (ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) ரெண்டு தேக்கரண்டி ஊத்தி ராத்திரி பூரா விடுங்க. மறுநாள் சென்டர் ஸ்டாண்ட்ல, டாப் கியர்ல போட்டு, பின் சக்கரத்தைக் கையால முன்னும் பின்னும் லேசா ஆட்டுங்க. அசைஞ்சா எஞ்சின் உயிரோட இருக்கு. அசையலைன்னா அப்படியே விட்ருங்க, மெக்கானிக் ஹெட்டைத் திறந்து பார்க்கட்டும்

சொக்கு: அசைஞ்சாலும் உடனே ஓட்டக் கூடாது. கிராங்க் ஷாஃப்ட்டோட ரெண்டு பக்கமும் இருக்கிற ரப்பர் சீல் காஞ்சு கல்லாயிருக்கும். இடப்பக்கம் போனா காத்து உள்ள புகுந்து கலவை மெலிஞ்சு, பிஸ்டன் சூடேறிப் பிடிச்சுக்கும். வலப்பக்கம் போனா கியர் ஆயிலை எஞ்சின் குடிக்கும், தெருவே தெரியாத அளவுக்குப் புகை. சீல் மாத்த எஞ்சினை முழுசாப் பிரிச்சாகணும்

சொக்கு: ஆட்டோலூப் பம்பு, அதான் எஞ்சினுக்குத் தானா ஆயில் அனுப்புறது, கழட்டாம இருக்கான்னும் பாருங்க. நிறையப் பேர் அதை எடுத்துட்டுப் பெட்ரோல்ல ஆயில் கலந்து ஓட்டுவாங்க. பம்பு இருந்தா கூடுதல் மதிப்பு. ஆனா லைன்ல காத்து இருக்கும், அதை வெளியேத்தாம ஸ்டார்ட் பண்ணா ஆயில் போகாம முதல் நிமிஷத்துலயே பிஸ்டன் போயிரும்

அழகு: 👍

வள்ளி: ஆச்சி, படைப்புக்குச் சமையல் ஆள் சொல்லியாச்சா? கும்மாயம் யார் கிண்டுறது

மீனா ஆச்சி: பழைய ஆள்தான். அளவு ராத்திரி சொல்றேன்

அடைக்கப்பன் (பினாங்கு): இப்பதான் எல்லாம் படிச்சேன். ஆர்சி யார் பேர்ல இருக்கு?

மீனா ஆச்சி: அப்பச்சி பேர்லதான்

சொக்கு: அங்கதான் விஷயமே. அப்பச்சி பேர்ல இருக்கிற வரைக்கும் யாரும் முழு விலை தர மாட்டாங்க, உதிரிபாக விலைதான் கேப்பாங்க. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வச்சு ஃபார்ம் 31 போட்டு வாரிசு பேருக்கு மாத்தணும். 15 வருஷம் தாண்டுனதால ஃபார்ம் 25 போட்டு ஆர்சியையும் புதுப்பிக்கணும். அதுக்கு ஆய்வாளர் முன்னாடி வண்டி ஓடணும். விக்கும்போது ஃபார்ம் 29, 30. அதுக்கெல்லாம் முன்னாடி சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் பேப்பர் வச்சு பென்சில்ல தேச்செடுத்து ஆர்சியோட ஒரு எழுத்து விடாம ஒத்துப் பாருங்க

அழகு: விண்டேஜுக்குத் தனி நம்பர் உண்டாமே

சொக்கு: 2021 விதி. அதுக்கு 50 வருஷம் ஆகியிருக்கணும். நம்ம வண்டிக்கு 2034

அடைக்கப்பன்: எல்லாருமே ஆத்தா பேருக்கு எழுதிக் குடுத்துரலாம். நான் வந்து கையெழுத்துப் போடுறேன்

அழகு: போட்டாச் சரி. தேக்கு ஊஞ்சல் போனப்ப யாரையும் கேக்கலையே

அடைக்கப்பன்: அது ஆத்தா சொல்லித்தான் போச்சு

அழகு: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா ஆச்சி: ரெண்டு பேரும் நிறுத்துங்க. ஆத்தா பார்க்குறாங்க

ஆத்தா: (குரல் செய்தி, 0:41)

மீனா ஆச்சி: ஆத்தா சொல்றது: படைப்பு முடியட்டும், அதுவரைக்கும் யார்ட்டயும் விலை பேசக் கூடாது. சின்ன வண்டி வீட்டுலயே இருக்கட்டுமாம்

சொக்கு: சரி ஆத்தா. ஆச்சி, தார்ப்பாய் போட்டு மூடாதீங்க, உள்ள ஈரம் வேர்த்துத் துருவேறும். பழைய பருத்தி வேட்டி போதும். சைலன்சர் வாயில துணி அடைச்சு வைங்க, எலி கூடு கட்டும்

மீனா ஆச்சி: இப்ப பெரிய வண்டி நகரவே மாட்டேங்குது, ஹேண்டில் பூட்டியிருக்கு. டேங்க் மூடியும் திறக்கல. சாவி பீரோவுல இல்ல

வள்ளி: பூஜை அறை டப்பாவுலயும் தேடிட்டேன், இல்ல

சொக்கு: சுத்தியல் வச்சுத் தட்டிராதீங்க! பூட்டு உடைஞ்சா அசல் பூட்டு கிடைக்காது

அடைக்கப்பன்: சாவி என்கிட்ட இருக்கு

அழகு: பினாங்குலயா

அடைக்கப்பன்: ஆமா. 15-ஆம் தேதி வர்றப்ப எடுத்துட்டு வரேன்

மீனா ஆச்சி: சரி, அந்த அறையை மட்டும் கடைசியா அடிக்கச் சொல்லிட்டேன். கடைக்காரருக்கு யார் பதில் சொல்றது?