ஸ்ரேரிங் இறுகினால் முதல் வயரைப் பாருங்கோ

கோண்டாவிலில இருந்து:

மின்சாரப் பவர் ஸ்ரேரிங் உள்ள கார் வைச்சிருக்கிற ஆக்களுக்கு இதைச் சொல்லோணும். மஞ்சள் லைற் எரிஞ்சு ஸ்ரேரிங் இறுகின உடன, முழுக் கொலத்தையும் (ஸ்ரேரிங் பூட்டியிருக்கிற தண்டுத் தொகுதி) மாத்த ஓமெண்டு சொல்லிப்போடாதேங்கோ. சென்சருக்குப் போற வயரை முதல் பாக்கச் சொல்லுங்கோ.

எங்கட கார் யப்பானில பாவிச்சு வந்த சின்னக் கார். பிழை விட்டுவிட்டுத்தான் வந்தது. நேரா ஓடேக்கை ஒண்டுமில்லை. ஒழுங்கையளுக்குள்ள வளைச்சுத் திருப்பினா லைற் எரியும், ஸ்ரேரிங் பாரமாகும். நிப்பாட்டித் திரும்ப ஸ்ராட் பண்ணினா சரி. அம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போற கார், அதால எனக்கு நித்திரையே இல்லை. முதல் காட்டின கராச்சில, கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்து பாவிச்ச கொலம் ஒண்டு எடுப்பிக்கலாம் எண்டிச்சினம். 2020 பங்குனியில வாகன இறக்குமதி நிண்டு 2025இல திரும்பத் தொடங்கும் வரைக்கும் இருந்த காரைத்தானே எல்லாரும் காப்பாத்தி வைச்சிருந்தம், நானும் ஓமெண்டு சொல்லத்தான் இருந்தனான்.

வயரிங் வேலை செய்யிற அண்ணை ஒருவர் மறிச்சார். "தம்பி, காரின்ர கொம்பியூட்டரை வாசிக்கிற ஸ்கானர், சென்சர் பிழை எண்டு காட்டினா சென்சர்தான் பழுது எண்டில்லை. அங்கயிருந்து வாற கணக்கு பிழை, அவ்வளவுதான்" எண்டார்.

கொலத்துக்குள்ள ஒரு முறுக்குத் தண்டு இருக்கு. நாங்கள் திருப்பேக்கை அது மெல்லிசா முறுகும். அதை ரோர்க் சென்சர் அளந்து கொம்பியூட்டருக்குச் சொல்ல, அதுக்கேத்த மாதிரி மோட்டர் உதவி செய்யும். எங்கட காரில சென்சருக்கு 5 வோல்ற் போகுது, திரும்ப இரண்டு சிக்னல் வருது. கையை விட்டா இரண்டும் 2.5 வோல்ற் அளவில நிக்கும். திருப்பினா ஒண்டு ஏற மற்றது அந்தளவு இறங்கும். இரண்டையும் கூட்டினா எப்பவும் 5. அந்தக் கூட்டு பிசகின உடன கொம்பியூட்டர் உதவியை நிப்பாட்டிப்போடும். அது எங்கட நன்மைக்குத்தான். பிழையான கணக்கை நம்பி மோட்டர் தன்பாட்டில திருப்பினா என்ன நடக்கும்? உதவி நிண்டாலும் தண்டுத் தொடர்பு அறாது, பலமாத் திருப்பினா கார் திரும்பும்.

கரண்ட் வருதோ எண்டு பாக்கிற ரெஸ்ற் லைற்றை அண்ணை தொடவேயில்லை. அது இழுக்கிற கரண்டை இந்தச் சென்சர், கொம்பியூட்டர் சேர்க்கிட் தாங்காது. மல்ரிமீற்றர் ஊசியைச் சொக்கற்றின்ர பின்பக்கத்தால குடுத்து, வயரை விரலால அசைச்சு அசைச்சுப் பாத்துக்கொண்டு வந்தார். ஸ்ரேரிங்கை ஏத்தி இறக்கிற லீவருக்குக் கிட்ட, இறுக்கிக் கட்டின இடத்தில, ஒரு சிக்னல் விழுந்து எழும்பினது. மேல் உறையில ஒரு கீறலும் இல்லை. உரிச்சுப் பாத்தா உள்ளுக்கு ஒண்டிரண்டு இழைதான் மிச்சம். சொக்கற்றைக் கழட்டி மின்தடையை (ஓம் அளவு) மட்டும் பாத்திருந்தா அந்த ஒண்டிரண்டு இழையே வயர் நல்லம் எண்டு காட்டியிருக்கும்.

வெட்டி ஒட்ட முதல் பற்றறி மைனஸைக் கழட்டி, எயார்பாக் கரண்ட் இறங்கட்டும் எண்டு கொஞ்ச நேரம் விட்டவர். எயார்பாக்கின்ர மஞ்சள் சொக்கற்றுகளில கை வைக்கேல்லை. போட்டது அதே தடிப்பில வாகனத்துக்கான இழை வயர். வீட்டு வயரிங்கின்ர ஒற்றைக் கம்பி அசைவுக்குக் கெதியா முறிஞ்சிடும். ஈயம் வைச்சும் ஒட்டேல்லை. ஈயம் உறைக்குள்ள ஊறி வயரை விறைப்பாக்கும், பேந்து அந்த விறைப்பு முடியிற இடத்தில முறியும் எண்டார். நசுக்கிற மூட்டுப் போட்டு, பசை உள்ள சுருங்குற குழாயால மூடினார். எல்லா மூட்டும் ஒரே இடத்தில வராமல் முன்பின்னா வெட்டினதுதான் எனக்குப் பிடிச்ச வேலை. இப்ப கொலத்தைக் கீழ இறக்கினாலும் வயர் இழுபடாது. அதுக்குப் பிறகு லைற் எரியேல்லை.

சாவகச்சேரியில இருந்து:

எங்களுக்குச் செய்தது எலி. 2022இல பெற்றோல் இல்லாமல் கார் கனநாள் கொட்டிலுக்குள்ள நிண்டது. பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்து வெளியில எடுக்கேக்கை ஸ்ரேரிங் பாரம். டாஷ்போட்டுக்குக் கீழ எச்சம், சென்சர் வயர் கடிபட்டுக் கிடந்தது. வயரோட சேர்த்துக் கொலத்தையும் மாத்தித் தந்தவை, ஆனால் பூச்சியம் பதியேல்லை, அதாவது ஸ்ரேரிங் நேரா நிக்கிற நிலை இதுதான் எண்டு கொம்பியூட்டருக்குச் சொல்லேல்லை. நேர் றோட்டிலயும் கார் இடப்பக்கம் இழுத்தது, கையை எடுக்கப் பயம். பிறகு வேற இடத்தில மட்டமான நிலத்தில சில்லை நேரா வைச்சு, ஸ்ரேரிங்கைத் தொடாமல் ஸ்கானரால பதிஞ்ச பிறகுதான் இழுவை நிண்டது. சென்சரோ கொலமோ மாத்தினா இதைக் கேட்டு வாங்குங்கோ. இப்படி ஒண்டு இருக்கெண்டு ஆரும் எங்களுக்குச் சொல்லேல்லை.

வேலணையில இருந்து:

ஸ்ரேரிங் லைற்றோட, பிரேக் பிடிக்கேக்கை சில்லு பூட்டுப்படாமல் பாக்கிற ஏபிஎஸ்ஸின்ர லைற்றும் எரிஞ்சா கொலத்துக்குப் போக முதல் சில்லடிக்குப் போங்கோ. வேகம் கூடக் கூட ஸ்ரேரிங் உதவி குறையோணும், அதுக்குச் சில்லடிச் சென்சர் சொல்லுற வேகக் கணக்கு வேணும், ஏபிஎஸ்ஸுக்கும் அதே கணக்குத்தான். நாங்கள் நாளாந்தம் பண்ணைப் பாதையால போய் வாறம், இரண்டு பக்கமும் கடல். முன்சில்லின்ர வேகச் சென்சர் சொக்கற்றுக்குள்ள பச்சைக் களிம்பு பிடிச்சிருந்தது. சொக்கற்றுக்குள்ள இருக்கிற ஊசி இரண்டையும் மாத்தி, வயரைக் கொஞ்சம் வெட்டிப் புதுசு போட இரண்டு லைற்றும் நிண்டிட்டுது. ஒரு கேள்வி: லைற் எரிய எரிய ஓடுறது பிழையோ?

கோண்டாவிலில இருந்து:

நேர் றோட்டில பெரிசா வித்தியாசம் தெரியாது அண்ணை. ஆபத்து மெதுவா வளைக்கேக்கைதான். சந்தியில பாதி திருப்பின நிலையில உதவி அறுந்தா, கைப்பலம் குறைஞ்ச ஆளுக்கு மிச்சத்தைத் திருப்ப ஏலாது. எங்கட வீட்டில சரியாகும் வரைக்கும் அம்மாவை ஓட்டோவில அனுப்பினனான். உங்கட பக்கம் வயரிங் தெரிஞ்ச ஆள் இல்லாட்டிச் சொல்லுங்கோ, அந்த அண்ணையிட்டைக் கேட்டுச் சொல்லுறன்.