'செட்டில்டு' என்பதற்குத் 'தீர்க்கப்பட்டது' வேண்டாம்

குழுவினருக்கு வணக்கம்.

ஒருவர் கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய விவரத்தைக் காட்டும் கடன் அறிக்கையின் ஆங்கிலச் சொற்களுக்கு நாம் போடும் தமிழ்ப் பட்டியலில் 'கிரெடிட் ஹிஸ்டரி'க்குக் 'கடன் வரலாறு', 'ஸ்கோரு'க்குக் 'கடன் மதிப்பெண்' என்று முடிவானதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இரண்டும் செய்தித்தாள்களில் ஏற்கெனவே புழங்குகின்றன. ஸ்கோருக்கு 'நாணயப் புள்ளி' என்ற பரிந்துரையைக் கைவிட்டதும் நல்லது. வங்கிப் பக்கமே போகாமல் தண்டல்காரருக்கு நாள் தவறாமல் கட்டி வந்தவருக்கு மதிப்பெண்ணே இருக்காது. அவருக்கு நாணயம் இல்லை என்று எழுத நமக்கு என்ன உரிமை?

என் மறுப்பு ஒரே ஒரு வரிக்குத்தான்.

> செட்டில்டு - தீர்க்கப்பட்டது. குளோஸ்டு - முடிக்கப்பட்டது

இதை இப்படியே பட்டியலில் ஏற்றினால், படிப்பவருக்கு நாமே கெடுதல் செய்தவர்கள் ஆவோம்.

நான் இருப்பது தண்டையார்பேட்டை. அக்கம்பக்கத்தில் யாராவது கடன் அறிக்கையை எடுத்து வந்தால் படித்துச் சொல்வேன். அப்படி வந்தவர்களில் ஒருவர், காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கும் ஒரு அக்கா. ஒரு நிதி நிறுவனத்தில் வாங்கிய கடனில் 38,000 ரூபாய் பாக்கி நின்றது. வசூலுக்கு வந்தவர், "20,000 கட்டிடுங்கக்கா, செட்டில் பண்ணிக் குடுத்துடுறேன்" என்றிருக்கிறார். காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்துக் கட்டிவிட்டார். கடிதமும் வந்தது. அதை லேமினேட் செய்து, ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்திருந்தார். அப்புறம் மகனுக்கு ஆட்டோ வாங்கக் கடன் கேட்டபோது வங்கி மறுத்துவிட்டது. அறிக்கையில் அந்தக் கணக்குக்கு நேராக 'செட்டில்டு' என்று இருந்தது. "தீர்ந்துபோச்சுன்னுதானே தம்பி போட்டிருக்கு, அப்புறம் என்ன?" என்று கேட்டார். நம் பட்டியல்படி பார்த்தால் அவர் கேட்டது நியாயம்தான்.

கணக்கைத் தீர்த்தாயிற்று என்று தமிழில் சொன்னால், ஒரு பைசா பாக்கி இல்லை என்று பொருள். கடன் அறிக்கையில் அதற்குக் 'குளோஸ்டு' என்று பெயர். 'செட்டில்டு' என்றால், கட்ட வேண்டியதைவிடக் குறைவாகக் கட்டி, மீதியைக் கடன் கொடுத்தவர் விட்டுவிட்டார் என்று பொருள். அடுத்துக் கடன் கொடுக்க நினைப்பவர் கண்ணில் முதலில் படும் குறை அதுதான். அறிக்கையைத் தயாரிக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் இந்தப் பதிவுகளைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்கின்றன.

சரி, வேறு என்ன சொல்லலாம்? சில சொற்களைப் போட்டுப் பார்த்தேன். 'குறைத்தீர்வு' பொருளுக்குப் பொருந்துகிறது. ஆனால் கலெக்டர் ஆபீசின் குறைதீர் நாளைப் பழகிய காதுக்கு, மனு கொடுத்து நியாயம் கிடைத்தது போல ஒலிக்கும். கடனை அடைப்பது என்ற வழக்கை வைத்துக் 'குறை அடைப்பு', 'முழு அடைப்பு' என்று பிரிக்கலாம் என்று பார்த்தால், முழு அடைப்பு என்றதும் கடைகளுக்கு ஷட்டர் இறங்கிவிடும். 'தள்ளுபடி முடிவு' கூடவே கூடாது. கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடியைப் பார்த்த ஊரில், தள்ளுபடி என்றால் அரசு கொடுத்த சலுகை.

ஆகவே பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு, பேச்சில் இருக்கும் வினையையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. இங்கே எல்லோரும் "டியூ கட்டியாச்சு" என்றுதான் சொல்கிறார்கள். எனவே:

குளோஸ்டு - கட்டி முடித்தது
செட்டில்டு - குறைத்து முடித்தது

இரண்டும் 'முடித்தது' என்றே முடிவதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வேறுபாடு முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். நீளம் கூடுதல்தான். ஆனாலும் அறிக்கையின் கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

இதில் இன்னொரு காரியமும் இருக்கிறது. முழுதாகக் கட்டியவர் பெயரிலேயே தவறுதலாக 'செட்டில்டு' என்று ஏறுவதுண்டு. அவர் 'தீர்க்கப்பட்டது' என்று படித்தால், சரியாகத்தான் இருக்கிறது என்று மூடி வைத்துவிடுவார். 'குறைத்து முடித்தது' என்று படித்தால் அந்த இடத்திலேயே துணுக்குறுவார். துணுக்குற்றால்தான் உரிமையைக் கேட்பார். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பிழை என்று முறையிட்டால் 30 நாளுக்குள் முடித்துத் தர வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2022 முதல் கடன் தகவல் நிறுவனங்கள் மீதான புகார்களும் அவர் வரம்புக்குள் வருகின்றன. தவறு எது என்றே தெரியாதவருக்கு இதெல்லாம் இருந்தும் பயன் இல்லை.

உண்மையிலேயே குறைத்து முடித்தவருக்கு வழி வேறு. அந்த அக்காவுக்கு நான் சொன்னது, விட்டுப்போன 18,000 ரூபாயைக் கட்டுவதாக எழுதிக் கொடுங்கள், கட்டியதும் பாக்கி இல்லை என்ற நோ டியூ சான்று வாங்குங்கள், பதிவைக் 'குளோஸ்டு' என்று மாற்றி அனுப்புவதாக எழுத்தில் கேளுங்கள் என்பது. ஆட்டோ அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

'ரிட்டன் ஆஃப்' என்பதற்குச் சொல் இன்னும் முடிவாகவில்லை. கடன் கொடுத்தவர் தன் ஏட்டில் நட்டமாக எழுதிக்கொண்டாலும், வாங்கியவர் தலையில் கடன் அப்படியே நிற்கும் நிலை அது. 'நட்டத்தில் எழுதியது' என்பது என் முதல் யோசனை. ஆனால் நட்டம் யாருக்கு என்பது அதில் தெரியவில்லை. வட்டிக்கடைப் பேரேட்டிலோ மளிகைக்கடைப் பற்று நோட்டிலோ இதற்குப் பழைய சொல் ஏதாவது இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள்.