ஒரே பொருளில் ஓவியத் தொடர்: ஆறாவது படத்தோடு நின்றுவிட்டேன்

கேள்வி: கிளுவைக்கொம்பு
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஒழுங்கையில் எஞ்சியிருக்கும், பின்னிய தென்னோலையாலான கிடுகு வேலிகளை நீர்வண்ணத்தில் ஒரு தொடராக வரைந்து வருகிறேன். எங்கும் மதில்கள் எழும்பிவிட்ட இக்காலத்தில், அவை மறைவதற்கு முன் பதிவுசெய்துவிட வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் முடித்த ஆறு படங்களையும் நேற்று விறாந்தைச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்துப் பார்த்தபோது, ஒரே படத்தை ஆறு தடவை வரைந்தது போலத் தோன்றியது. ஆறாவது முதலாவதைவிடத் துப்புரவாக இருக்கிறது, அவ்வளவுதான். இருபது படங்களாவது வரைய விரும்புகிறேன். கூரை போட்ட வாசலான சங்கடப்படலை, துலாக்கிணறு என்று பொருளை விரித்துக்கொள்ளலாமா?

பதில்: பழைய சித்திர வாத்தியார்
விரிக்க வேண்டாம், இன்னும் சுருக்குங்கள். பிரெஞ்சு ஓவியர் மொனே 1890, 1891 ஆம் ஆண்டுகளில் தம் வீட்டுக்கு அருகே வயலில் நின்ற வைக்கோற்போர்களை ஏறத்தாழ 25 தடவை வரைந்தார். வெளிச்சம் மாறியதும் கையிலிருந்த கித்தானை வைத்துவிட்டு, அந்த வெளிச்சத்துக்குரிய மற்றக் கித்தானை எடுத்துக்கொள்வார். ஆகவே பல படங்கள் ஒருசேர வளர்ந்தன. நீங்கள் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படிச் செய்தால் படத்துக்குப் படம் கைத்திறன்தான் கூடும், பார்வை மாறாது. ஒரே வேலியின் முன் மூன்று தாள்களோடு இருந்து, காலை ஏழு மணிக்கு ஒன்றும், உச்சி வெயிலில் ஒன்றும், பொழுதுபடும் வேளையில் ஒன்றுமாக ஒரு கிழமைக்கு மாறி மாறி வரைந்து பாருங்கள்.

பதில்: வடமராட்சியாள்
ஐயா சொன்ன முறை நல்லது, ஆனால் கேட்டவரின் கவலை வெளிச்சத்தைப் பற்றியதல்ல என்று நினைக்கிறேன். யப்பானிய ஓவியர் ஹொக்குசாய் புஜி மலையை வைத்துச் செய்த அச்சோவியத் தொடருக்கு முப்பத்தாறு காட்சிகள் என்று பெயர். பின்னர் பத்துச் சேர்ந்து 46 ஆயிற்று. அவற்றுள் ஒன்றில், பெரிய மரப்பீப்பாவுக்குள் நின்று ஒருவர் வேலை செய்கிறார். அப்பீப்பாவின் வட்டத்தினூடாக மலை ஒரு சிறு முக்கோணமாகத் தெரிகிறது. பொருள் எப்போதும் நடுவில் நிற்க வேண்டியதில்லை. வேலியும் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிட, சைக்கிளை அதில் சாய்த்துவிட்டுக் கதைப்பவர்கள் முன்னுக்கு வரலாம்.

எங்கள் வீட்டு வேலியில் வேலிக்கு நட்ட இரண்டு கிளுவைக் கதியால்களுக்கு இடையே ஒரு பொட்டு, அதாவது ஒரு திறப்பு, இருந்தது. அம்மா அதனூடாகத்தான் அயல்வீட்டுக்குக் கறிக்கிண்ணத்தை நீட்டுவார். எத்தனையோ வருடக் கைபட்டு அந்தக் கதியாலின் ஒரு பக்கம் மட்டும் பட்டை வழுவழுப்பாகிக் கறுத்திருந்தது. வேலி என்றவுடன் எனக்கு நினைவில் வருவது அந்த ஒரு சாண் இடந்தான்.

பதில்: தூரிகைக்காரன்
ஒரு சிறு குறிப்பு மட்டும். தாளின் அளவை இப்போதே முடிவுசெய்து கடைசிவரை மாற்றாதீர்கள். அளவுகள் வேறுபட்டால், சுவரில் மாட்டும்போது கண் முதலில் அந்த வேறுபாட்டையே காணும். சோளகக் காற்றில் வண்ணம் பரவுவதற்குள் காய்ந்துவிடுகிறது, மாரியில் தாள் காயாமல் நெளிகிறது. இதைக் குறையாக எண்ணாமல், எந்த மாதத்தில் வரைந்தது என்பது படத்திலேயே தெரியும்படி விட்டுவிடலாம்.

கிளுவைக்கொம்பு
மூவருக்கும் நன்றி. வடமராட்சியாள் அக்கா எழுதியதை வாசித்தபின் ஆறு படங்களையும் மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பொட்டு இல்லை. எங்கள் ஒழுங்கையில் இரண்டு பொட்டுகள் இருக்கின்றன, ஆனால் அவற்றைச் சேதம் என்று எண்ணி, படத்தில் நானே கிடுகு வைத்து அடைத்திருக்கிறேன். நாளைக் காலை மூன்று தாள்களுடன் அந்த இரண்டாவது பொட்டின் முன் போய் இருக்கப்போகிறேன்.