கணையம் அகற்றிய பின் இன்சுலின் பம்ப்: சாப்பிட்டதும் சர்க்கரை தாழ்வது ஏன்?

கேள்வி: கணையம் முழுவதும் அகற்றப்பட்டபின் இன்சுலின் பம்ப் (குழாய் வழியே தோலுக்கடியில் இன்சுலினைச் செலுத்தும் சிறு கருவி) பயன்படுத்துகிறேன். மாவுச்சத்தைக் கணக்கிட்டே இன்சுலின் செலுத்தினாலும், சாப்பிட்ட 1 மணி நேரத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிப் பிறகு ஏறுகிறது. காரணம் என்னவாக இருக்கும்?

பதில் 1: கணையம் சுரந்துவந்த செரிமான நொதிக்குப் பதிலாகத் தரும் மாத்திரையை எப்போது எடுக்கிறீர்கள்? அது போதாவிட்டால் உணவு சரியாகச் செரிக்காது; செலுத்திய இன்சுலினோ தன் வேலையைச் செய்துவிடும். எனக்கு மருத்துவர் நொதியின் அளவைத் திருத்திய பிறகே பம்பின் கணக்கு பொருந்தியது.

பதில் 2: சர்க்கரை தாழும்போது கல்லீரலைத் தூண்டி அதை உயர்த்தும் குளுகோகான் என்ற ஹார்மோனும் கணையத்தோடு போய்விட்டதால், நமக்குத் தாழ்வு எளிதில் வருகிறது. அதற்கு அஞ்சிப் பம்பைக் கழற்றி வைக்காதீர்கள். அதிலிருப்பது விரைவாகச் செயல்படும் இன்சுலின் மட்டுமே என்பதால், குழாய் அடைத்தால்கூடச் சில மணி நேரத்தில் கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் அமிலப் பொருள்) இரத்தத்தில் சேரத் தொடங்கலாம்.

கேட்டவர்: நொதியை இதுவரை சாப்பிட்டு முடித்தபிறகே விழுங்கிவந்தேன்.

பதில் 1: முதல் கவளத்துடனேயே தொடங்க வேண்டும், மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.