பொது நிலம் இருந்தும் போக வழியில்லை: வேட்டைக்குப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஃபோர்ட் காலின்ஸ், கொலராடோ:

அமெரிக்காவில் வேட்டைக்குப் போகும் தமிழர்கள் நாம் சிலர்தான். ஆனால் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒருநாளாவது இது நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு நடந்ததை முதலில் எழுதுகிறேன்.

2019 அக்டோபர். வயோமிங்கில் ராலின்ஸ் ஊருக்குத் தெற்கே பிராங்ஹார்ன் மான் வேட்டை. குலுக்கலில் டேக், அதாவது ஒரு மானை வேட்டையாடும் அனுமதி, கிடைக்க மூன்று வருடம் காத்திருந்தேன். கூட வந்தவர் என் பழைய அலுவலக நண்பர். அறுபதைத் தாண்டியவர், எனக்கு வேட்டை சொல்லிக் கொடுத்தவர். நான் அப்போது ஹெச்-1பி விசாவில் இருந்தேன். அந்த விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. சட்டம் தரும் ஒருசில விலக்குகளில் வேட்டை உரிமமும் ஒன்று. அதனால் உரிமச் சீட்டைப் பாஸ்போர்ட் மாதிரி பத்திரமாக வைத்திருந்தேன்.

வேட்டைக்காரர்களின் கைப்பேசி வரைபடத்தில் மஞ்சள் என்றால் பிஎல்எம், அதாவது மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையின் நிலம். வெள்ளை என்றால் தனியார். தெற்கு வயோமிங்கைத் திறந்தால் சதுரங்கப் பலகை மாதிரி மஞ்சள், வெள்ளை, மஞ்சள், வெள்ளை என்று ஓடும். ஒரு கட்டம் ஒரு மைலுக்கு ஒரு மைல், 640 ஏக்கர். கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை போடுவதற்காக 1862-இல் வந்த சட்டம், பாதையின் இரண்டு பக்கமும் ஒன்று விட்டு ஒன்றாக நிலத்தை ரயில் கம்பெனிக்குக் கொடுத்தது. கம்பெனி தன் கட்டங்களில் பலவற்றைப் பண்ணைக்காரர்களுக்கு விற்றுவிட்டது. இடையில் இருந்த கட்டங்கள் அரசிடமே தங்கிவிட்டன. நம் ஊர்க் கணக்கில் பட்டா, புறம்போக்கு, பட்டா, புறம்போக்கு. ஒரு புறம்போக்கும் அடுத்த புறம்போக்கும் மூலையில் மட்டும்தான் தொட்டுக்கொள்ளும்.

சாலையை ஒட்டிய பொதுக் கட்டத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இருட்டிலேயே நடந்தோம். பனி பட்ட சேஜ் புதரை மிதித்தால் கற்பூரத்தையும் வேப்பிலையையும் சேர்த்துக் கசக்கியது போல ஒரு வாசம் வரும். விடியும்போது மூலைக்கு வந்துவிட்டோம். தரையோடு தரையாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளை மூடி. அதன் மேல் குறுக்குக் கோடு, நாலு பக்கமும் கட்டத்தின் எண். நம்மூர் சர்வே கல்தான். வேலிகூட இல்லை. எதிர்க் கட்டத்தில், முந்நூறு கெஜம் இருக்கும், பதினோரு மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. வெயில் பட்டதும் அவற்றின் பின்பக்க வெள்ளை பளிச்சென்று தெரிந்தது.

அந்த நேரத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு பிக்கப் வந்து நின்றது. பண்ணையில் வேலை பார்க்கிறவர். மரியாதையாகத்தான் பேசினார். "நீங்கள் எங்கள் மண்ணை மிதிக்காமல் தாண்டலாம். ஆனால் மண்ணுக்கு மேலே இருக்கும் காற்றும் எங்களுடையதுதான். உங்கள் தோள் அதில் பட்டால் அத்துமீறல். ஷெரீஃபைக் கூப்பிடுவேன்" என்றார்.

ஒரு எட்டு. அவ்வளவுதான் தூரம். என் கிரீன் கார்டு விண்ணப்பம் அப்போது நிலுவையில் இருந்தது. அத்துமீறல் வழக்கு ஒன்று பெயரில் ஏறினால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் முதலில் திரும்பியவன் நான்தான். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, பித்தளை மூடியில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு என் பின்னால் வந்தார். அந்த மான்களைக் காப்பதில் அவருக்கும் பங்கு உண்டு. 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கி, தோட்டா எதை வாங்கினாலும் தயாரிப்பாளர் விற்கும் விலையில் 11 சதவீதம் வரி அதில் சேர்ந்திருக்கும். அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. நாற்பது வருடமாக அதைக் கட்டி வந்தவர் அவர்.

சரி, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

சான் அன்டோனியோ, டெக்சஸ்:

அண்ணா, உங்களுக்காவது தொட்டுப் பார்க்க ஒரு மூலை இருந்தது. டெக்சஸில் ஏறக்குறைய 95 சதவீத நிலம் தனியாருடையது. 48 டாலருக்கு மாநில அரசு ஒரு வருடப் பொது வேட்டை அனுமதி தருகிறது. அதில் போகக்கூடிய இடங்கள் சுமார் பத்து லட்சம் ஏக்கர். இவ்வளவு பெரிய மாநிலத்துக்கு, இத்தனை வேட்டைக்காரர்களுக்கு அது எந்த மூலைக்கு? அதனால் இங்கே எல்லாமே குத்தகை.

நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒன்பது வருடம் ஒரே பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். மெஸ்கீட் மரமும் சப்பாத்திக்கள்ளியும் நிறைந்த காடு. அசப்பில் எங்கள் ராமநாதபுரம் கருவேலங்காடுதான். பண்ணைக்காரத் தாத்தா எங்களைச் சொந்தக்காரர்கள் மாதிரி நடத்தினார். பொங்கலுக்கு நான் கொண்டுபோன சர்க்கரைப் பொங்கலை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அவர் காலமான பிறகு பிள்ளைகள் நிலத்தைப் பிரித்து விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே பத்துப் பத்து ஏக்கராக மனை போட்டு கேட் வைத்திருக்கிறார்கள். நாங்கள் மரத்தில் கட்டிய பரண் யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டில் நிற்கிறது.

அப்புறம், பண்ணைக்காரர்கள் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். எங்களுக்கு முன்னால் குத்தகை எடுத்தவர்கள் ஒருநாள் கேட்டைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மாடுகள் நெடுஞ்சாலைக்கு வந்து இரண்டு அடிபட்டன. தாத்தா இதைச் சொல்லும்போது குரல் கம்மும். நிலத்தை மூடிவைக்கிற எல்லோரும் பேராசைக்காரர்கள் இல்லை.

சூ ஃபால்ஸ், சவுத் டகோட்டா:

எனக்கு வேட்டை கல்யாணத்தோடு வந்தது. என் கணவர் இந்த ஊர்க்காரர். மாமனாரை நான் "மாமா" என்றே கூப்பிடுவேன், அவருக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிக்கும். ஃபெசன்ட் கோழி வேட்டைக்கு என்னை முதலில் கூட்டிப்போனது அவர்தான்.

இங்கே எங்கள் கதை வேலியோ வழக்கோ இல்லை, மக்காச்சோளம். சிஆர்பி என்று ஒரு மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. அரிப்பு வரும் நிலத்தில் உழாமல் பத்துப் பதினைந்து வருடம் புல் வளர்த்தால் விவசாயிக்கு வருட வாடகை தருவார்கள். அந்தப் புல்தான் கோழிக்கு வீடு. 2007-இல் நாடு முழுக்க 3 கோடியே 68 லட்சம் ஏக்கர் அந்தத் திட்டத்தில் இருந்தது. அப்புறம் எத்தனால் தேவையால் சோளம் விலை ஏறியது, ஒப்பந்தம் முடிந்தவர்கள் உழுதுவிட்டார்கள். பத்து வருடத்தில் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் போய்விட்டது. அதில் பல இடங்கள் மாநில அரசு விவசாயிக்குப் பணம் கொடுத்து, யார் வேண்டுமானாலும் நடந்துபோய் வேட்டையாடலாம் என்று திறந்துவைத்தவை.

மாமா முப்பது வருடம் போன ஒரு புல்வெளி. ஒரு நவம்பரில் போய் இறங்கினோம். வேலிக் கம்பத்தில் அனுமதிப் பலகை இல்லை, அது இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டை மட்டும் இருந்தது. உள்ளே கண்ணுக்கு எட்டிய வரை அறுத்த சோளத்தட்டை. எங்கள் நாய் வழக்கம்போல வண்டியிலிருந்து குதித்து ஓடி, தட்டைக்குள் இருபது அடி போய், மூக்கைத் தூக்கி நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தது. மாமா அதைக் கூப்பிடக்கூட இல்லை.

இப்போது பெரும்பாலும் சாலையோரப் பள்ளத்தில்தான் நடக்கிறோம். இந்த மாநிலத்தில் பொதுச் சாலையின் ஓரப்பகுதியில் சில விதிகளுக்கு உட்பட்டுச் சிறு வேட்டை ஆடலாம். அது ஒரு நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு மனிதர் எழுபத்திரண்டு வயதில் லாரி போகிற சாலை ஓரமாக நடப்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

போஸ்மன், மொன்டானா:

கொலராடோ அண்ணா, ஒரு எச்சரிக்கை. பொது நிலத்திலிருந்து பொது நிலத்துக்கு மூலை தாண்டலாம் என்று 2025-இல் வந்த தீர்ப்பு உங்கள் பக்கத்து மாநிலங்களுக்குத்தான். தீர்ப்புச் சொன்ன பத்தாவது சர்க்யூட் என்ற மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்ஸிகோ, கன்சஸ், ஓக்லஹோமாவுக்கு மட்டும். மொன்டானா ஒன்பதாவது சர்க்யூட்டில் வருகிறது. இங்கே அதிகாரிகள் மூலை தாண்டுவது சட்டப்படி சரியில்லை என்றே சொல்கிறார்கள். தீர்ப்பை நம்பி இங்கே வந்து யாரும் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆனால் இங்கே ஒரு நல்லதும் இருக்கிறது. பிளாக் மேனேஜ்மென்ட் என்ற ஏற்பாட்டில் பண்ணைக்காரர்கள் தங்கள் நிலத்தை இலவசமாக வேட்டைக்குத் திறக்கிறார்கள், மாநிலம் அவர்களுக்கு ஈடு கொடுக்கிறது. பல இடங்களில் வாசலில் ஒரு பெட்டி இருக்கும். சீட்டில் பெயர், உரிம எண் எழுதிப் போட்டுவிட்டு உள்ளே போகலாம். யாரையும் கெஞ்ச வேண்டாம். கைவிரல் விறைக்கும் குளிரில் மொட்டைப் பென்சிலால் என் பெயரை எழுதிய முதல் காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சால்ட் லேக் சிட்டி, யூட்டா:

மூலை, வேலி எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிய பயம் நிலமே கை மாறிவிடுவது. 2025 ஜூனில் எங்கள் செனட்டர் மைக் லீ, மேற்கு மாநிலங்களின் பொது நிலத்தில் இருபது முப்பது லட்சம் ஏக்கரை விற்க வரவுசெலவு மசோதாவில் வழி வைத்தார். வீடு கட்ட என்று காரணம் சொன்னார்கள். என் கூட வேலை செய்யும் ஒருவர் தீவிர ரிபப்ளிகன், நான் அந்தப் பக்கமே இல்லை. அரசியல் பேசினால் சண்டை வரும் என்று இருவரும் வருடக்கணக்கில் வாயைத் திறந்ததில்லை. அந்த ஜூனில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் இரண்டு பேரும் வரைபடத்தை விரித்து, நாங்கள் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகும் மலைச்சரிவு அந்தப் பட்டியலில் வருமா என்று தேடினோம். எதிர்ப்பு அந்தளவுக்கு இருந்தது. ஜூன் 28 அன்று அவர் அந்தப் பிரிவைத் திரும்பப் பெற்றார். மறுபடி வரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஃபோர்ட் காலின்ஸ், கொலராடோ:

எல்லோருக்கும் நன்றி. மொன்டானா தம்பி சொன்ன வழக்கைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

2021-இல் மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள், நான் திரும்பி வந்த அதே கார்பன் கவுன்டியில், எல்க் மவுன்டன் பக்கம் மூலை தாண்டினார்கள். மூலையில் பண்ணைக்காரர்கள் இரண்டு இரும்புக் கம்பம் நட்டுச் சங்கிலி கட்டியிருந்தார்கள். இவர்கள் ஒரு இரும்பு ஏணியைச் செய்து கொண்டுவந்து, பொதுக் கட்டத்தில் ஏறி அடுத்த பொதுக் கட்டத்தில் இறங்கினார்கள். அத்துமீறல் வழக்கில் 2022-இல் ராலின்ஸ் ஜூரி விடுவித்தது. உரிமையாளர் தரப்பு சிவில் வழக்கும் போட்டு, நிலத்தின் மதிப்பு 70 லட்சம் டாலருக்கு மேல் குறைந்துவிடும் என்று வாதாடியது. 2023-இல் கீழ் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் பத்தாவது சர்க்யூட்டும் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னன. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டது. மூலையில் மட்டும் தொடும் பொது நிலம் மேற்கு மாநிலங்களில் 83 லட்சம் ஏக்கர் என்று ஆன்எக்ஸ் வரைபட நிறுவனம் 2022-இல் கணக்கிட்டிருந்தது.

தீர்ப்புக்கு அடிப்படை 1885-ஆம் ஆண்டுச் சட்டம், பொது நிலத்தை வளைத்துப் போடக் கூடாது என்பது. அதே சட்டத்தை வைத்து 1988-இல் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. ராலின்ஸ் பக்கத்தில் ரெட் ரிம் என்ற இடத்தில் 28 மைல் வேலி ஒன்று, பிராங்ஹார்ன் மான்கள் குளிர்கால மேய்ச்சலுக்குப் போகும் வழியை அடைத்திருந்தது. அந்த மான் பெரும்பாலும் வேலியைத் தாண்டாது, அடியில் நுழையத்தான் பார்க்கும். மான்களுக்கு வழி விட வேண்டும் என்று அன்று நீதிமன்றம் சொன்னது. அந்த மான்களுக்காக வந்த தீர்ப்பையும் இந்த வழக்கில் நீதிபதிகள் எடுத்துப் பார்த்தார்கள். படித்தபோது எனக்கு அந்தப் பதினோரு மான்கள் ஞாபகம் வந்தது.

போன செப்டம்பர் கடைசியில் மறுபடி போனேன். நண்பருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது, அவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. ஆனாலும் கூடவே வந்து வண்டியில் உட்கார்ந்திருந்தார். நான் தனியாக மூலைக்குப் போய், இந்தக் கட்டத்தில் ஒரு கால், அந்தக் கட்டத்தில் ஒரு கால் வைத்துத் தாண்டினேன். யாரும் வரவில்லை. அன்றைக்கு மான் ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பி வந்ததும் அவர் மானைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்தப் பித்தளை மூடி கண்ணுக்குத் தெரிகிறதா, மண் மூடிவிட்டதா?" என்று கேட்டார். துடைத்துவிட்டு வந்தேன் என்றேன்.