நீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றதால் 33 பாகையைத் தாண்டிய முருகைத் தொட்டி: இன்றிரவு என்ன செய்ய வேண்டும்?

இரணைமடுக்கரை (கிளிநொச்சி), ஞாயிறு மாலை 6.10

அனைவருக்கும் வணக்கம். இரணைமடுவுக்கு அண்மையில் உள்ள எங்கள் வீட்டில், ஏறத்தாழ 300 லீற்றர் நீர் கொள்ளும் உப்புநீர்த் தொட்டி ஒன்றை மூன்று ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு சிறிய கோபி மீன், துப்புரவு இறால் ஒன்று, பூப்போலத் தோன்றும் கடல்விலங்கான கடற்சாமந்தி ஒன்று, இவற்றோடு தோல் முருகை, காளான் முருகை, முருகைக்கு உறவான சொவாந்தஸ் ஆகியவையும் அதில் உள்ளன.

உறவினர் திருமணத்துக்காக வெள்ளிக்கிழமை வவுனியாவுக்குச் சென்று இன்று பிற்பகல் திரும்பியபோது, வழமையாக 25.5 பாகையில் இருக்கும் நீர் 33.4 பாகையைக் காட்டியது. சனிக்கிழமை மின்சாரம் மூன்று தடவை போய் வந்ததாக அயலவர்கள் கூறினார்கள். சில்லரின் திரையில் இலக்கங்கள் ஒளிர்கின்றன. ஆனால் கொம்பிறஸர் இயங்கவில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை உள்ளே 'டிக்' என்ற ஒலி மட்டும் கேட்கிறது. நீரைச் சுழற்றும் பம்பிகள் நின்றுவிடாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. தோல் முருகை பாதியாகச் சுருங்கிவிட்டது. கடற்சாமந்தி பாறையிலிருந்து கழன்று, வாய் அகன்ற நிலையில் மூலையில் கிடக்கிறது. விளக்குகளை அணைத்து, மூடியை அகற்றி, அறையின் மின்விசிறியைத் தொட்டியை நோக்கித் திருப்பியிருக்கிறேன், இப்போது 32.6 ஆகியிருக்கிறது. எவ்வளவு வேகமாக வெப்பத்தை இறக்கலாம்? இன்றிரவே நீர் மாற்ற வேண்டுமா? வெளிறத் தொடங்கிய முருகைகள் பிழைக்குமா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து உடனே எழுதுங்கள்.

பாலியாறு (வவுனியா), மாலை 6.35

தம்பி, வெப்பத்தை இறக்குவதற்கு முன் மீன்களின் மூச்சைக் காப்பாற்றுங்கள். 25 பாகையில் ஒரு லீற்றர் கடல்நீர் 6.7 மில்லிகிராம் அளவில் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும்; 33 பாகையில் அது 6 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடும். அதே நேரத்தில், சூடேறிய உடலுக்கு ஒட்சிசன் முன்னையிலும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வரவு குறைந்து செலவு கூடியிருக்கும் இந்த நிலையில், மீன்கள் பெரும்பாலும் சூட்டால் சாவதற்கு முன்பே மூச்சு முட்டிச் செத்துவிடுகின்றன. ஆகவே பம்பி ஒன்றின் வாயை மேல்நோக்கித் திருப்பி, நீரின் மேற்பரப்பு நன்றாகக் குலுங்கும்படி செய்யுங்கள். காற்றுப்பம்பி இருந்தால் அதையும் போடுங்கள். நுரையால் கழிவை அகற்றும் ஸ்கிம்மரை நிறுத்த வேண்டாம்.

விளக்கை அணைத்தது மிகச் சரியான செயல். அது விளக்கின் சூட்டைக் குறைப்பதற்கு மட்டும் உதவுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். முருகையின் உடலுக்குள் வாழும் சூசாந்தலே என்னும் நுண்பாசிகள், சூடேறிய நிலையில் வெளிச்சமும் கிடைத்தால், முருகைக்கே நஞ்சாகக்கூடிய ஒட்சிசன் சேர்வைகளை உண்டாக்குகின்றன. அதைத் தாங்க முடியாமல்தான் முருகை அந்தப் பாசிகளை வெளியே தள்ளி வெளிறிப்போகிறது. எனவே நாளையும் தொட்டி இருட்டிலேயே இருக்கட்டும்.

அடுத்தது மின்விசிறி. காற்று நீரின் மேற்பரப்பைத் தடவிச் செல்லும்படி அதைச் சரித்து வையுங்கள்; கண்ணாடிச் சுவரில் காற்று மோதுவதால் பயன் இல்லை. ஒரு லீற்றர் நீர் ஆவியாகும்போது அது கொண்டுபோகும் வெப்பம், 300 லீற்றர் நீரை 2 பாகை அளவுக்குக் குளிர்விக்கப் போதுமானது. அறையிலிருந்து வெப்பம் திரும்பவும் உள்ளே வருவதால் முழுப் பலனும் கிடைக்காது என்றாலும், சோளகம் வீசும் இந்த வறண்ட மாதங்களில் வன்னியில் இதைவிட மலிவான குளிரூட்டி வேறெதுவும் இல்லை. வெளியே காற்று ஆறியதும் யன்னல்களைத் திறந்துவிடுங்கள். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு நன்னீர் மட்டும் சேர்க்க வேண்டும். உப்புநீரைச் சேர்த்தால் உவர்த்தன்மை ஏறிவிடும். எங்கள் பக்கத்துக் கிணற்று நீரின் வன்மை நீங்கள் அறிந்ததே. ஊரில் உள்ள ஆர்.ஓ. சுத்திகரிப்பு நிலையத்தில் நீர் வாங்கிக்கொள்ளுங்கள்.

விசிறி போதாவிட்டால், ஒன்றரை லீற்றர் போத்தலில் நீரை உறையவைத்து, மூடி இறுக்கிய நிலையிலேயே, நீரை வடிகட்டும் கீழ்த்தொட்டியில் மிதக்கவிடுங்கள். ஒரு போத்தல் முழுவதும் உருகும்போது உங்கள் தொட்டி அரைப் பாகைக்குச் சற்று மேலாகக் குளிரும். ஒரு நேரத்தில் ஒன்று போதும். 30 பாகை வரை இரண்டு மூன்று மணித்தியாலத்தில் இறக்கலாம்; அதன் பிறகு அவசரம் வேண்டாம். விடியும்போது 28 ஆக இருந்தால் நல்லது. ஒரே இரவில் 25.5 இற்குக் கொண்டுபோனால், ஏற்கெனவே அடிபட்ட உயிர்களுக்கு அது இரண்டாவது அடியாகிவிடும்.

அலைகரை (முல்லைத்தீவு), மாலை 6.50

போத்தலின் மூடியை இறுக்கச் சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன். இதே நிலை எனக்கு வந்தபோது, கடற்கரை வாடியிலிருந்து றெஜிபோம் பெட்டியில் ஐஸ் கட்டிகளைக் கொண்டுவந்து நேரடியாகத் தொட்டிக்குள் போட்டேன். வெப்பம் இறங்கியது உண்மை. ஆனால் அவ்வளவு நன்னீரும் ஒரேயடியாகக் கலந்ததில் உவர்த்தன்மை சட்டென்று குறைந்து, சூட்டைத் தாங்கியிருந்த இறால்கள் எல்லாம் மறுநாள் காலைக்குள் இறந்துவிட்டன. அந்த இழப்பு இன்னும் என் மனத்தில் இருக்கிறது.

பார்க்கடல் (மன்னார்), இரவு 7.20

தம்பி, பாலியாறு அண்ணா எழுதியவற்றோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் கடற்சாமந்தியைப் பற்றி எவரும் இன்னும் சொல்லவில்லை. இன்றிரவு உங்கள் தொட்டிக்கு உள்ள பெரிய ஆபத்து அதுதான். கையுறை அணிந்து அதை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் சுருங்கினால் உயிர் இருக்கிறது. துளையிட்ட பெட்டி ஒன்றில் தனியாக வையுங்கள். சளிபோலக் கரைந்து, கெட்ட வாடையும் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதியாமல் வெளியே எடுத்துவிடுங்கள். அழுகும் கடற்சாமந்தியிலிருந்து வெளிவரும் அமோனியா, சூடான நீரில் வழமையைவிட அதிக நச்சுத்தன்மை கொண்டது. ஏனெனில் வெப்பம் கூடக்கூட மீனின் செவுளைக் கடக்கக்கூடிய வடிவத்தில் அமோனியாவின் பங்கும் கூடுகிறது. பாறைகளுக்கு இடையில் செத்த நத்தைகளும் இருக்கும். டோர்ச் அடித்துத் தேடி எடுங்கள்.

சொவாந்தஸைத் தொடும்போது இன்னும் கூடுதலான கவனம் தேவை. அதன் இனங்கள் சிலவற்றில் பலிடொக்சின் என்னும் கடுமையான நஞ்சு உண்டு. வெறுங்கையால் தொடாதீர்கள், கண்ணைக் கசக்காதீர்கள், இறந்துபோன சொவாந்தஸ் ஒட்டியிருக்கும் பாறையைச் சுத்தம் செய்வதற்காகக் கொதிநீரில் போடவே போடாதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்தவர்கள் வைத்தியசாலைக்குப் போக நேர்ந்திருக்கிறது. வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் அவர்களை இன்றைக்குத் தொட்டிக்குக் கிட்ட விடாதீர்கள்.

நீர் மாற்றுவதைப் பொறுத்தவரை என் கருத்து இது: அமோனியாவைச் சோதித்துப் பாருங்கள். அது தென்படாவிட்டால் நாளை வரை பொறுத்திருங்கள். தென்பட்டால் இன்றிரவே ஐந்தில் ஒரு பங்கை மாற்றுங்கள். புதிய நீரின் உவர்த்தன்மை தொட்டியின் உவர்த்தன்மையோடு ஒத்திருக்க வேண்டும். வெப்பநிலை இரண்டு மூன்று பாகை குறைவாக இருந்தால் பாதகமில்லை. நந்திக்கடல் போன்ற களப்புகளின் நீரை அள்ளி வந்து ஊற்ற வேண்டாம்.

வெளிறிய முருகை செத்த முருகை அல்ல. தசை கண்ணாடிபோலத் தெரிந்தாலும், அது பாறையை விட்டு உரிந்து கரையாத வரைக்கும் நம்பிக்கை உண்டு; பாசிகள் திரும்பி வருவதற்கு வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் ஆகும். 1998 இல் கடல் சூடேறி எங்கள் தீவைச் சுற்றியுள்ள பார்கள், அதாவது முருகைத் திட்டுகள், வெளிறியபோது, கற்பிட்டிக்கு அப்பால் உள்ள பார் றீஃப் பெரும் அழிவைக் கண்டது. அதன் சில பகுதிகள் பின்னர் மெல்லத் தளிர்த்தன. 2016 இல் மீண்டும் சூடு வந்து அவற்றைத் தாக்கியது. கடலில் அந்தச் சூட்டை இறக்க எவராலும் முடியவில்லை. உங்கள் தொட்டியில் அது உங்கள் கையில் இருக்கிறது.

இன்னுமொன்று. இழந்ததை ஈடுசெய்வதற்காக எங்கள் மன்னார்க் கடலிலிருந்து முருகை பெயர்த்துத் தருவதாக எவராவது சொன்னால் வாங்காதீர்கள். கல்முருகைகள் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. சட்டம் ஒருபுறம் இருக்க, அந்தப் பார்களை நம்பித்தான் இங்கே பல குடும்பங்களின் மீன்பாடு இருக்கிறது.

குளிர்க்கருவி (மாங்குளம்), இரவு 8.05

சில்லரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்; குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். நீங்கள் கேட்கும் 'டிக்' ஒலி, கொம்பிறஸர் புறப்பட முயன்று முடியாமல் நிற்கும்போது அதன் பாதுகாப்புச் சுவிட்ச் இணைப்பைத் துண்டிக்கும் ஒலியாகவே இருக்க வேண்டும். மின்சாரம் போய் உடனே திரும்பும்போது, குழாய்களுக்குள் வாயுவின் அழுத்தம் இன்னும் சமப்பட்டிருக்காது. அந்த நிலையில் புறப்பட முயலும் மோட்டார் கடுமையாகத் திணறும். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால் பெரும்பாலும் முதலில் பழுதடைவது, மோட்டார் புறப்பட உதவும் கப்பாசிற்றர். இப்போதே செருகியைக் கழற்றிவிடுங்கள். திரும்பத் திரும்ப முயல விட்டால் கொம்பிறஸரின் சுருளும் கருகிவிடும்.

உங்கள் வீடு செம்மண் வீதியோரமாக இருந்தால், சில்லரின் பின்புறத்துத் தகடுகளில் புழுதி கம்பளிபோலப் படிந்திருக்கும். தகடுகள் வளையாதபடி மென்மையான தூரிகையால், அவை நிற்கும் திசையிலேயே துடையுங்கள். ஆனால் மூடியைக் கழற்றிக் கப்பாசிற்றரை நீங்களே தொட வேண்டாம். செருகியைக் கழற்றிய பிறகும் அது மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும். தொழில் தெரிந்தவரைக் கொண்டு, அதே மைக்ரோபரட் அளவுள்ள புதியதைப் போடுங்கள். அதன் பிறகு, மின்சாரம் திரும்பி மூன்று தொடக்கம் ஐந்து நிமிடம் கழித்தே இணைப்பைக் கொடுக்கும் பாதுகாப்புக் கருவி ஒன்றையும் பொருத்துங்கள். இரவில் வோல்ற்றேஜ் இறங்கும் எங்கள் ஊர்களில் அது இல்லாமல் எந்தக் கொம்பிறஸரையும் ஓட்டக் கூடாது என்று நான் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வருகிறேன். சில்லர் மூடிய அலுமாரிக்குள் இருந்தால் வெளியே எடுத்து வையுங்கள். தான் கக்கிய வெப்பத்தைத் தானே மீண்டும் இழுத்துக்கொண்டிருந்தால் புதிய கருவியும் நெடுநாள் தாங்காது.

இரணைமடுக்கரை (கிளிநொச்சி), புதன் இரவு 9.15

அண்ணாமாருக்கும் அக்காவுக்கும் என் மனமார்ந்த நன்றி. அன்றிரவு நான்கு போத்தல்களும் மின்விசிறியும் சேர்ந்து 10 மணியளவில் நீரை 30 பாகைக்கும், விடியும்போது 28.2 பாகைக்கும் கொண்டுவந்தன. மேற்பரப்பைக் குலுக்கத் தொடங்கிய அரை மணித்தியாலத்தில் மீன்கள் கீழே இறங்கி நீந்தத் தொடங்கியதைப் பார்த்தபோதுதான் எனக்கே மூச்சு வந்தது.

கடற்சாமந்தியைக் காப்பாற்ற முடியவில்லை. அதை அகற்றிய பிறகும் அமோனியா தென்பட்டதால் அன்றிரவே 60 லீற்றர் நீரை மாற்றினேன். பாறைகளுக்குள் ஐந்து நத்தைகள் செத்துக் கிடந்தன. கோபியைக் காணவில்லை. இறால் உயிரோடு இருக்கிறது. சொவாந்தஸில் பாதிக்கு மேல் திறந்திருக்கிறது. தோல் முருகை இன்னும் சுருங்கிய நிலையில், மேல்தோல் மெழுகுபோல மினுங்க நிற்கிறது. காளான் முருகைகள் வெளிறியிருந்தாலும் பாறையை விட்டுக் கழலவில்லை. சில்லரில் பழுதானது கப்பாசிற்றர்தான்; மாற்றியாகிவிட்டது. தகடுகளிலிருந்து ஒரு கைப்பிடி புழுதி வந்தது. இனி எந்த வெப்பநிலையில் வைப்பது, விளக்கை எப்போது போடுவது என்று சொல்ல முடியுமா?

பார்க்கடல் (மன்னார்), புதன் இரவு 9.50

கோபி பாறைக்குள் ஒளிந்திருக்கலாம். அமோனியாவை இன்னும் ஒரு வாரம் நாள்தோறும் சோதியுங்கள். தோல் முருகை மினுங்கித் தோலுரிப்பது அதன் இயல்பு; நீரோட்டம் அதன் மேல் படும்படி வைத்தால் பழைய தோல் கழன்றுவிடும். விளக்கை வழமையான ஒளியின் மூன்றில் ஒரு பங்கில், நாளுக்கு நான்கு மணித்தியாலம் என்று தொடங்கி, மூன்று நான்கு வாரங்களில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். பாசியை இழந்த முருகைக்கு வெளிச்சத்திலிருந்து வரும் உணவு குறைந்திருக்கும். ஆகவே முட்டையிலிருந்து புதிதாகப் பொரித்த ஆட்டீமியா என்னும் நுண்ணிறாலை வாரத்தில் இரண்டு தடவை மாலையில் சிறிதளவு கொடுங்கள்.

வெப்பநிலையை இனி 25.5 இல் வைக்க வேண்டாம். வாரத்துக்கு அரைப் பாகை என்ற அளவில் 27 இற்குப் பழக்குங்கள். எங்கள் கடலே ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான் இருக்கிறது. சில்லரின் சுமையும் குறையும், அடுத்த முறை அது நிற்கும்போது உங்கள் உயிர்கள் ஏற வேண்டிய தூரமும் குறையும். மின்விசிறியை 27.5 இல் தானாக இயங்கும்படி வைத்து, சில்லரை அதற்கு மேல் 28 இல் வேலை செய்ய விடுங்கள். ஐப்பசியில் மழை தொடங்கிக் காற்று ஈரமானதும் விசிறியின் பலன் குறைந்துவிடும். அதற்கு முன் இன்னும் இரண்டு போத்தல்களை உறைபெட்டியில் போட்டு வையுங்கள்.