சிறுத்தை பாய்வதை நாலாவது முறைதான் பார்த்தேன்

சாட்ஸ்வொர்த், டர்பன்:

‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யை முதலில் பார்த்தபோது எனக்குப் பதினான்கு வயது. மாமா வீடியோ கடையிலிருந்து கேசட் எடுத்து வந்திருந்தார். விண்வெளிப் படம், சண்டை இருக்கும் என்று உட்கார்ந்தோம். முதல் வசனம் வரவே ஏறக்குறைய 25 நிமிடம் ஆகிறது. அதுவரை பாலைவனமும் குரங்கு மனிதர்களும்தான். “ஓட்டி விடுங்க மாமா” என்றோம், ஓட்டிவிட்டார். பிறகு இரண்டு முறை டிவிடியில் பார்த்தபோதும், விண்கலத்தில் பேசும் ‘ஹால்’ என்ற கணினிக்காகவே பார்த்தேன். அந்தப் பகுதியைத் தாண்டித்தான் போனேன்.

சில வருடங்களுக்கு முன் ஜோகன்னஸ்பர்க்கில் அக்கா வீட்டுக்குப் போனபோது, மகளை ஆதி மனித எலும்புகள் கிடைத்த ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் குகைக்கு அழைத்துப் போனேன். பக்கத்திலேயே ஸ்வார்ட்கிரான்ஸ் என்ற இன்னொரு குகை. அங்கே கிடைத்த ஒரு மண்டையோட்டைப் பற்றி வழிகாட்டி சொன்னார். மனிதனுக்கு உறவான பழைய இனத்துக் குழந்தை. பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தையது. மண்டையில் இரண்டு ஓட்டை. சிறுத்தையின் கீழ்க் கோரைப்பற்கள் இரண்டும் அதில் பொருந்துகின்றன. நம் முன்னோர் எலும்பையே ஆயுதமாக்கிக் கொன்று தின்றார்கள் என்று ரேமண்ட் டார்ட் என்ற ஆய்வாளர் எழுதியிருந்தார். பின்னால் சி. கே. பிரெய்ன் என்ற ஆய்வாளர் ஸ்வார்ட்கிரான்ஸ் எலும்புகளை ஆண்டுக்கணக்கில் சோதித்து, பெரும்பாலும் அவர்களே இரை என்று காட்டினார். மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அன்று இரவே படத்தைப் போட்டேன், ஓட்டாமல். 1968இல் வந்த படம், டார்ட் சொன்ன வழியில் குரங்கு மனிதனை எலும்பைத் தூக்க வைக்கிறது, சரி. ஆனால் அதற்கு முன்பே சிறுத்தை பாய்கிறது! இரவில் பாறை இடுக்கில் ஒண்டிக்கொண்டு, உறுமல் கேட்டுக் கண் விழித்திருக்கும் முகங்கள். அந்தப் பயத்தைப் பார்த்த பிறகுதான் எலும்பு கையில் ஏறும் காட்சி எனக்கு விளங்கியது. அது மேலே பறந்து நொடியில் விண்கலமாக மாறும்போது உடம்பு சிலிர்த்துவிட்டது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

அண்ணா, இன்னொரு இடத்தில் சிறுத்தையின் கண் ஜொலிக்கும், கவனித்தீர்களா? அந்தப் பாலைவனம் நமீபியாவில் எடுத்த புகைப்படங்கள். அவற்றைக் கேமராவின் திசையிலிருந்தே திரையில் விழச் செய்து, முன்னால் நடிகர்களை விட்டு இங்கிலாந்து ஸ்டுடியோவில் எடுத்தார் இயக்குநர் குப்ரிக். அந்த ஒளிதான் கண்ணில் பட்டுத் திரும்புகிறது. ஐந்தாறு முறை பார்த்த பிறகே எனக்குப் பிடிபட்டது.

எனக்கு நெருக்கமான இடம் வேறு. விண்வெளியில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்குமே, அது. அப்பா கடைசி மாதங்களில் வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருந்தார். முன்பு அந்தக் காட்சி நீளம் என்று நினைத்தவன், இப்போது அது முடியக்கூடாது என்று உட்கார்ந்திருப்பேன்.

சாட்ஸ்வொர்த், டர்பன்:

தம்பி, கண்ணைக் கவனிக்கவில்லை. சனிக்கிழமை மகளோடு மறுபடி பார்க்கிறேன். மூச்சுக் காட்சி வரும்போது உங்கள் அப்பாவை நினைத்துக்கொள்வேன்.